இயந்திரம் எளிது, பதம்தான் கடினம்: சாக்லேட் அச்சிடுதல் ஓர் அறிமுகம்

முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் பிளாஸ்டிக் கம்பியை எடுத்துவிட்டுச் சாக்லேட்டை நிரப்பினால் சாக்லேட் உருவங்கள் வந்துவிடும் என்றுதான் முதலில் தோன்றும். இயந்திரத்தைப் பொறுத்தவரை அது ஏறக்குறைய சரி. மோட்டார்கள், நகரும் தலை, கணினியிலிருந்து வரும் கட்டளைகள் எல்லாம் அதேதான். ஆனால் சாக்லேட் பிளாஸ்டிக்கைப் போல நடந்துகொள்ளாது. உணவு அச்சு இயந்திரம் வாங்கியவர்கள் பலர் முதல் வாரத்திலேயே சோர்ந்துபோவதற்குக் காரணம் பெரும்பாலும் இயந்திரத்தின் குறை அல்ல. சாக்லேட்டுக்குள் நடப்பது என்ன என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். அதைச் சொல்வதற்குத்தான் இந்தக் கட்டுரை. உணவு அச்சு இயந்திரத்தை இதுவரை தொட்டிராதவர்களும் இதைப் படிக்கலாம்.

முதலில் இயந்திரம். இன்று வீடுகளில் இருக்கும் பெரும்பாலான முப்பரிமாண அச்சு இயந்திரங்கள் ஒரே முறையில் இயங்குகின்றன. பொருளை உருக்கி, மெல்லிய நாசில் வழியாகக் கோடாகப் பிழிந்து, கோட்டின் மேல் கோடாக அடுக்குகின்றன. அமெரிக்காவின் ஸ்காட் கிரம்ப் 1989இல் இந்த முறைக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். கணினியில் வரைந்த உருவத்தை ‘ஸ்லைசர்’ என்ற மென்பொருள் கிடைமட்டமான மெல்லிய அடுக்குகளாக வெட்டும். ஒவ்வொரு அடுக்கிலும் நாசில் எந்த வழியாக, எந்த வேகத்தில் போக வேண்டும், எவ்வளவு பிழிய வேண்டும் என்பதைக் கட்டளை வரிகளாக எழுதித் தரும். இயந்திரம் அதை வரி பிசகாமல் செய்யும்.

சாக்லேட்டுக்கு வரும்போது பிளாஸ்டிக் கம்பிச் சுருளுக்குப் பதிலாக ஒரு சிரிஞ்ச் இருக்கும். சிரிஞ்சைச் சுற்றி வெப்பமூட்டும் உறை. மேலே ஒரு மோட்டார் திருகாணியைச் சுழற்றிப் பிஸ்டனை மெல்ல அழுத்தும். கீழே நாசில். சில இயந்திரங்களில் பிஸ்டனுக்குப் பதிலாகக் காற்றழுத்தம். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் 2006இல் தொடங்கிய ‘ஃபேப் அட் ஹோம்’ திட்டம் சிரிஞ்ச் வைத்த இயந்திரத்தின் வரைபடங்களை எல்லோருக்கும் திறந்துவிட்டது. அதில் சாக்லேட், பாலாடைக்கட்டி, கேக் மேல் பூசும் ஐசிங் எல்லாவற்றையும் பிழிந்து பார்த்தார்கள். சாக்லேட்டுக்கென்றே ஓர் இயந்திரத்தை 2011இல் இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தில் லியாங் ஹாவோவின் குழு செய்து காட்டியது. அதிலிருந்து ‘சாக் எட்ஜ்’ என்ற நிறுவனமும் பிறந்தது.

சரி, சாக்லேட் எங்கே வேறுபடுகிறது?

பிளாஸ்டிக் அச்சில் அதிகம் பயன்படும் பி.எல்.ஏ. என்ற பிளாஸ்டிக் சுமார் 200 டிகிரி செல்சியஸில் நாசிலை விட்டு வெளியே வருகிறது. சுமார் 60 டிகிரிக்குக் கீழே போனதும் அது விறைத்துவிடும். அறையோ 25 அல்லது 30 டிகிரி. வெளியே வந்த கோட்டுக்கும் சுற்றியுள்ள காற்றுக்கும் இடையே 170 டிகிரி வித்தியாசம். அதனால் கோடு நொடியில் இறுகிவிடுகிறது. சாக்லேட் நாசிலை விட்டு வருவது சுமார் 32 டிகிரியில். குளிரூட்டிய அறை 20 டிகிரி. வித்தியாசம் வெறும் 12 டிகிரி. வெப்பம் வெளியேற அவசரமே இல்லை. சென்னையில் மே மாதம் குளிர்சாதனம் இல்லாத அறை என்றால் வித்தியாசமே கிடையாது. அறை 34 டிகிரியில் இருக்கும்போது அச்சிட்ட சாக்லேட் எத்தனை மணி நேரம் ஆனாலும் இறுகாது.

இது ஒரு வேறுபாடு. இதைவிடப் பெரியது இன்னொன்று. சாக்லேட் இறுகுவதற்குக் குளிர்ந்தால் மட்டும் போதாது. அது சரியான வகையில் படிகமாக வேண்டும். சாக்லேட் அச்சிடுதலின் உயிர்நாடியே இதுதான் என்பதால் இங்கே கொஞ்சம் நிதானமாகப் போகலாம்.

சாக்லேட் என்பது கோகோ வெண்ணெய் என்ற கொழுப்புக்குள் மிதக்கும் நுண்துகள்களின் கலவை. சர்க்கரை, கோகோ, பால் சாக்லேட் என்றால் பால்பொடி எல்லாம் அரைபட்டுத் துகள்களாக இருக்கின்றன. ஒரு மில்லிமீட்டரின் ஐம்பதில் ஒரு பங்கு அளவுக்கு அவற்றை அரைப்பார்கள். அதைவிடக் கணிசமாகப் பெரிதானால் நாக்கில் மணல் போல நெருடும். இந்தத் துகள்கள் அச்சின்போது உருகுவதும் இல்லை, இறுகுவதும் இல்லை. உருகுவதும் இறுகுவதும் கோகோ வெண்ணெய் மட்டும்தான்.

கோகோ வெண்ணெயின் மூலக்கூறுகள் ஒன்றன் பக்கம் ஒன்றாக சேர்ந்து படிகமாகும்போது ஆறு விதமாகச் சேரக்கூடியவை. வில்லி, லட்டன் என்ற இருவர் 1966இல் வெளியிட்ட ஆய்வு இந்த ஆறையும் வரிசைப்படுத்தியது. இன்றும் அந்த எண்களைத்தான் தொழிலில் சொல்கிறார்கள். முதல் வகை சுமார் 17 டிகிரியில் உருகும். இரண்டாவது 23, மூன்றாவது 25.5, நான்காவது 27.5, ஐந்தாவது 33.8, ஆறாவது 36.3 டிகிரி. ஒரே கொழுப்பு, ஒரே மூலக்கூறுகள். அடுக்கு மட்டும் மாறுகிறது, உருகுநிலை இவ்வளவு தூரம் தள்ளிப்போகிறது.

நமக்கு வேண்டியது ஐந்தாம் வகை. விரலில் பிடித்தால் சட்டென்று உருகாது, வாய்க்குள் 37 டிகிரியில் உருகிவிடும். மின்னும். உடைத்தால் ‘டக்’ என்று சத்தம் கேட்கும். நான்காம் வகையும் அதற்குக் கீழே உள்ளவையும் மெத்தென்று இருக்கும், தொட்டால் ஒட்டும், சில நாளில் மேலே வெள்ளையாகப் பூத்துவிடும். ஆறாம் வகை மெழுகு போல வாயில் நிற்கும். ஐந்தாம் வகையே நீண்ட காலத்தில், அதுவும் சூடான இடத்தில் வைத்திருந்தால், மெல்ல ஆறாம் வகையாக மாறும். பழைய சாக்லேட் மேல் சாம்பல் படிந்தது போலத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம். அது பூஞ்சணம் இல்லை, சாப்பிடலாம்.

சிக்கல் என்னவென்றால், உருகிய சாக்லேட்டைச் சும்மா ஆறவிட்டால் ஐந்தாம் வகை மட்டும் தனியாக வராது. தாழ்ந்த வகைகள் வேகமாக உருவாகக்கூடியவை. எல்லாம் கலந்து, குழம்பி, மங்கலாக இறுகும். இதைத் தடுக்கத்தான் சாக்லேட் தொழிலில் டெம்பரிங் செய்கிறார்கள். நான் இந்தக் கட்டுரையில் அதைப் பதப்படுத்துதல் என்றே சொல்கிறேன். கறுப்புச் சாக்லேட் என்றால் முதலில் 45 முதல் 50 டிகிரி வரை சூடாக்கிப் பழைய படிகங்கள் எல்லாவற்றையும் அழித்துவிட வேண்டும். பிறகு கிளறிக்கொண்டே 27 அல்லது 28 டிகிரிக்கு இறக்க வேண்டும். அப்போது நான்காம் வகையும் ஐந்தாம் வகையும் சேர்ந்து முளைக்கும். அப்புறம் 31 அல்லது 32 டிகிரிக்கு ஏற்றினால் நான்காம் வகை உருகிப் போய்விடும், ஐந்தாம் வகை மட்டும் விதைகளாக மிஞ்சும். அந்த விதைகளைப் பார்த்து மீதி வெண்ணெயும் அதே மாதிரி சேரும். பால் சாக்லேட்டுக்கும் வெள்ளைச் சாக்லேட்டுக்கும் பால் கொழுப்பின் காரணமாக இந்த எண்கள் ஒன்றிரண்டு டிகிரி குறையும். வேலை செய்யும் வெப்பநிலை பால் சாக்லேட்டுக்கு 29 முதல் 30, வெள்ளைக்கு 28 முதல் 29.

வீட்டில் இதைவிட எளிதான வழி விதை போடுவது. சாக்லேட்டில் முக்கால் பங்கை 45 டிகிரிக்கு உருக்கிக்கொள்ளுங்கள். மிச்சக் கால் பங்கை, கடையிலிருந்து வந்த பதம் கெடாத சாக்லேட்டை, பொடியாக நறுக்கிப் போட்டு 32 டிகிரி வரும்வரை கிளறுங்கள். நறுக்கிய துண்டுகளில் ஐந்தாம் வகைப் படிகம் ஏற்கெனவே இருக்கிறது. அதுவே விதை. இதற்கென்றே விற்கும் கோகோ வெண்ணெய்ப் பொடி கிடைத்தால் சாக்லேட்டை 34 டிகிரிக்கு ஆறவிட்டு, எடையில் 1 சதவீதம் பொடியைச் சேர்த்துக் கலந்தால் போதும். அச்சு வேலைக்கு இதுதான் எனக்குப் பிடித்த வழி, ஏனென்றால் அரைகுறையாக உருகிய கட்டி எதுவும் சிரிஞ்சுக்குள் போகாது. ஒரு சின்னக் கட்டி போதும் நாசிலை அடைக்க.

பதம் வந்துவிட்டதா என்று பார்க்கக் கத்தி முனையையோ பட்டர் பேப்பர் துண்டையோ தோய்த்து 20 டிகிரி அறையில் வையுங்கள். மூன்று முதல் ஐந்து நிமிடத்தில் இறுகிப் பளபளத்தால் சரி. பத்து நிமிடம் ஆகியும் ஈரமாகவே இருந்தாலோ கோடு கோடாக வெளுத்தாலோ மறுபடி செய்யுங்கள். இந்தச் சோதனை தேறாத சாக்லேட்டை ஒருபோதும் இயந்திரத்தில் நிரப்பாதீர்கள். பதம் தவறிய சாக்லேட்டை எந்த அமைப்பை மாற்றியும் நன்றாக அச்சிட முடியாது.

இனி அந்தப் பதமான சாக்லேட்டைச் சிரிஞ்சில் அடைக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. நாசில் துவாரம் 1 மில்லிமீட்டர், அடுக்கின் உயரம் 0.8 மில்லிமீட்டர், வேகம் நொடிக்கு 15 மில்லிமீட்டர் என்றால் நொடிக்கு 12 கன மில்லிமீட்டர் சாக்லேட் வெளியே வரும். 60 மில்லி சிரிஞ்ச் காலியாக 80 நிமிடத்துக்கு மேல் ஆகும். அந்த 80 நிமிடமும் உள்ளே இருக்கும் சாக்லேட் சும்மா இருக்காது. விதைகள் வளர்ந்துகொண்டே இருக்கும், புதியவை முளைக்கும். வெப்பநிலை ஒரு துளிகூட மாறாவிட்டாலும் சாக்லேட் நேரம் ஆக ஆகக் கெட்டியாகும். தொடக்கத்தில் அழகாக வந்த கோடு ஒரு மணி நேரத்தில் மெலிந்து, அறுந்து, கடைசியில் நின்றே போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். அப்போது வெப்பத்தை அரை டிகிரி மட்டும் ஏற்றினால் கூடுதல் படிகங்கள் கொஞ்சம் கரைந்து வழி விடும். ஒரேயடியாக 35க்கு ஏற்றினால் அடைப்பு உடனே நீங்கும், ஆனால் விதைகளும் போய்விடும். அதன் பிறகு வருவது இறுகாது, மறுநாள் பூத்தும் விடும். புதிதாகத் தொடங்குபவர்கள் இதைக் கண்டிப்பாக நினைவில் வைக்க வேண்டும். அடைப்பு நீங்கியதும் எல்லாம் சரியாகிவிட்டது என்றே கண்ணுக்குத் தோன்றும்.

ஆகவே முதல் முயற்சிகளில் சிரிஞ்சை முழுக்க நிரப்பாதீர்கள். கால் பங்கு போதும், இருபது நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். உலோகச் சிரிஞ்ச் பிளாஸ்டிக்கைவிட வெப்பத்தைச் சீராகப் பரப்பும். பிளாஸ்டிக்கில் உறையை ஒட்டிய ஓரம் சூடாகவும் நடுப்பகுதி ஒரு டிகிரி குறைவாகவும் இருக்கும். மற்ற உணவுகளில் ஒரு டிகிரி ஒன்றுமே இல்லை, சாக்லேட்டில் அது பெரிய தூரம். இயந்திரத்தின் திரையில் தெரியும் எண் உணரி பொருத்தியிருக்கும் இடத்தின் வெப்பநிலை மட்டுமே. மெல்லிய முனையுள்ள வெப்பமானியால் வெளியே வரும் சாக்லேட்டையே ஒருமுறை அளந்து பார்த்து, திரை எத்தனை டிகிரி தள்ளிக் காட்டுகிறது என்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள். நாசில் சிரிஞ்சுக்கு வெளியே துருத்திக்கொண்டு இருப்பதால் அது குளிர்ந்துவிடும். நல்ல இயந்திரங்களில் நாசிலுக்குத் தனி வெப்பமூட்டி இருக்கும்.

அடுத்தது ஓட்டம். உருகிய சாக்லேட் தண்ணீர் மாதிரி ஓடுவதில்லை. சும்மா வைத்தால் நிற்கும், அழுத்தினால் ஓடும், வேகமாக அழுத்தினால் இன்னும் இளகி ஓடும். மருதாணிக் கோனை நினைத்துக்கொள்ளுங்கள். பிழியும்போது இழையாக வருகிறது, கையில் வைத்ததும் வழியாமல் வைத்த இடத்திலேயே நிற்கிறது. ஓடத் தொடங்குவதற்கு வேண்டிய இந்தக் குறைந்தபட்ச அழுத்தத்தை விளைவுத் தகைவு என்பார்கள். அச்சிடுவதற்கு இது ஒரு வரம். ஆனால் சாக்லேட்டின் விளைவுத் தகைவு சிறியது. படிகமாகி இறுகாத சாக்லேட் தன் எடையைச் சில மில்லிமீட்டர் உயரம் வரைதான் தாங்கும். அதற்கு மேல் அடுக்கினால் அடி அகன்று, மொத்தமும் உட்கார்ந்துவிடும்.

எந்தச் சாக்லேட்டை வாங்குவது என்ற கேள்விக்கும் பதில் இதிலேயே இருக்கிறது. கேக் கடைப் பொருட்கள் விற்கும் இடங்களில் சிப்ஸ் என்று விற்பதில் கோகோ வெண்ணெய் குறைவு. பிஸ்கட்டுக்குள் வைத்துச் சுட்டாலும் வடிவம் மாறக் கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்கிறார்கள். நாசிலுக்கு அது கெட்டியாக இருக்கும். குறைந்தது 31 சதவீதம் கோகோ வெண்ணெய் உள்ள கூவெர்ச்சர் என்ற வகைச் சாக்லேட் நன்றாக ஓடும். பொட்டலத்தின் பின்னால் 322, 476 என்ற எண்களையும் பாருங்கள். 322 என்பது லெசித்தின். சர்க்கரைத் துகள்கள் ஒன்றோடொன்று உரசாமல் வழுக்கிப்போக உதவும், அரை சதவீதத்துக்குள்ளேயே அதன் வேலை முடிந்துவிடும். அதற்கு மேல் போட்டால் விளைவுத் தகைவு திரும்ப ஏறும். 476 என்பது பி.ஜி.பி.ஆர். அது விளைவுத் தகைவை நன்றாகக் குறைத்துவிடும். உருவம் வார்க்கும் அச்சுக் குழிகளில் ஊற்ற அது நல்லது. நமக்கோ கோடு வழிந்து பரவும். எனவே 476 இல்லாத சாக்லேட்டாகப் பாருங்கள்.

தண்ணீர் மட்டும் உள்ளே போகவே கூடாது. ஒரு சொட்டு நீர் பட்டாலும் சர்க்கரைத் துகள்கள் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டி, சாக்லேட் முழுக்கக் கெட்டியாகித் திரண்டுவிடும். கழுவிய சிரிஞ்சையும் நாசிலையும் துணியால் துடைத்தது போதாது, முழுக்க உலரவிடுங்கள். இதே காரணத்தால்தான் ஆரஞ்சுச் சாறோ ரோஸ் வாட்டரோ சேர்த்து மணமூட்டக் கூடாது. எண்ணெயில் கரைந்த மணங்கள் மட்டுமே சரிப்படும்.

இப்போது முதல் அச்சு. எடுத்த எடுப்பில் சிலை, கோபுரம் என்று போகாமல் நேர்கோடுகளை அச்சிட்டுப் பாருங்கள். வேகத்தையும் நாசிலின் உயரத்தையும் மாற்றி மாற்றிப் பத்துப் பதினைந்து கோடு போட்டால் எந்த அமைப்பில் கோடு வட்டமாக, அறுபடாமல் வருகிறது என்று தெரிந்துவிடும். நாசில் 0.8 முதல் 1.2 மில்லிமீட்டர் வரை இருக்கலாம். அடுக்கின் உயரம் அதில் பத்துக்கு ஏழு, எட்டு பங்கு, அதாவது 1 மில்லிமீட்டர் நாசிலுக்கு 0.7 அல்லது 0.8. வேகம் நொடிக்கு 10 முதல் 20 மில்லிமீட்டர். நாசில் அடித்தட்டிலிருந்து அதிக உயரத்தில் இருந்தால் இழை சுருண்டு சுருண்டு விழும். மிகத் தாழ்ந்தால் கோட்டை அழித்துக்கொண்டே போகும். அடித்தட்டின் மேல் மழமழப்பான ஓ.ஹெச்.பி. தாள் போன்ற பிளாஸ்டிக் தாள் விரித்தால், சாக்லேட் இறுகிய பிறகு தானாகக் கழன்று வரும், அடிப்பக்கம் கண்ணாடி போல மின்னும். உணவு தொடத் தகுந்த தாளாக இருக்க வேண்டும்.

கோட்டுக்கு அடுத்து, தட்டையான ஓவியங்கள். இதில் நான் எல்லோருக்கும் சொல்வது சிக்குக் கோலம். புள்ளிகளைச் சுற்றி வளைந்து, தொடங்கிய இடத்திலேயே வந்து முடியும் ஒற்றை இழைக் கோலம் சாக்லேட் அச்சுக்கு மிகவும் பொருத்தமான வடிவம். காரணம் இதுதான். பிளாஸ்டிக் இயந்திரம் ஓரிடத்தில் நிறுத்தி இன்னோரிடத்துக்குத் தாவும்போது கம்பியைச் சற்றுப் பின்னுக்கு இழுத்து ஒழுகலை நிறுத்திவிடும். சிரிஞ்சில் அழுத்தம் உடனே இறங்காது. உள்ளே சின்னக் காற்றுக் குமிழிகள் இருந்தால் அவை விரிந்து, மோட்டார் நின்ற பிறகும் சாக்லேட்டைத் தள்ளிக்கொண்டே இருக்கும். தாவும் வழியெல்லாம் சொட்டும், நூலிழை விழும். நிறுத்தாமல் போகும் ஒற்றை இழைக்கு இந்தத் தொல்லையே இல்லை. இழைகள் குறுக்கே வெட்டும் இடங்களில் கொஞ்சம் திரளும் என்பது உண்மைதான். ஆனால் அந்தத் திரட்சிதான் இழைகளை ஒன்றோடொன்று பிணைக்கும். இறுகியதும் கோலத்தை முழுசாகத் தூக்கி ஒரு கேக் மேல் வைக்கலாம்.

உயரமான உருவத்துக்கு வரும்போது நேரம்தான் எதிரி. 3 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு குழாயை அச்சிடுவதாக வைத்துக்கொள்வோம். சுற்றளவு 94 மில்லிமீட்டர். நொடிக்கு 15 மில்லிமீட்டர் வேகத்தில் ஒரு சுற்று ஆறு நொடிக்குச் சற்று மேல். அதாவது ஒவ்வொரு கோட்டின் தலையிலும் ஆறு நொடியில் அடுத்த கோடு வந்து உட்காருகிறது. சாக்லேட் இறுகவோ நிமிடங்கள் வேண்டும். படிகமாகும்போது அது வெப்பத்தை வேறு வெளியிடும், அந்த வெப்பமும் வெளியேற வேண்டும். ஒரு நிமிடத்தில் சுவர் 7 மில்லிமீட்டர் உயர்ந்திருக்கும், அடியோ இன்னும் இளகித்தான் இருக்கும். சாய்ந்துவிடும்.

இதற்குச் செய்யக்கூடியவை சில உண்டு. உருவத்தைப் பெரிதாக்கினால் ஒரு சுற்றுக்கு நேரம் கூடும். இரண்டு மூன்று உருவங்களை ஒரே சமயத்தில் அடுக்கடுக்காக அச்சிட்டால் ஒவ்வொன்றும் இறுக இடைவெளி கிடைக்கும், ஆனால் தாவல் வருகிறது, சொட்டும் வருகிறது. மிகச் சிறந்தது குளிர்காற்று. நாசிலுக்குச் சற்றுக் கீழே, புதிதாக விழுந்த கோட்டின் மேல் மட்டும் படும்படி 10 அல்லது 15 டிகிரிக் காற்றை ஊதினால் அடுக்குகள் நிற்கும். அந்தக் காற்று நாசில் மேல் பட்டால் நாசில் அடைக்கும் என்பதால் குழாயின் திசையைப் பொறுமையாகச் சரிசெய்ய வேண்டும். சாதாரண மின்விசிறி உதவாது. அறை என்ன வெப்பத்தில் இருக்கிறதோ அதைத்தான் அது வீசும்.

நம் ஊரில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அடித்தட்டைக் குளிர வைத்தால் நன்றாக இறுகுமே என்று தோன்றும். கடற்கரை ஊர்களில் காற்றில் ஈரம் அதிகம். குளிர்ந்த தட்டின் மேல் பனித்துளி போல நீர் படியும், ஐஸ் தண்ணீர் டம்ளரின் வெளிப்பக்கம் வியர்ப்பது இதனால்தான். அந்த நீரில் சாக்லேட்டின் சர்க்கரை கரைந்து, காய்ந்ததும் வெண்மையாகச் சொரசொரக்கும். குளிர்சாதனம் ஈரத்தையும் எடுத்துவிடும் என்பதால் முதலில் அறையை 20 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள், பிறகு தட்டைப் பற்றி யோசிக்கலாம். ஊட்டி, கொடைக்கானலில் இருப்பவர்களுக்கு இந்தக் கவலை குறைவு. வீட்டுச் சாக்லேட் தொழில் அங்கே வேரூன்றியதற்கு அந்தக் குளிரும் கைகொடுத்திருக்கிறது.

இவ்வளவு பாடுபடாமல் சாக்லேட் அச்சிட வழியே இல்லையா? இருக்கிறது. எளிதான வழி காம்பவுண்ட். கோகோ வெண்ணெய்க்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பு சேர்த்த கட்டிகள் இவை. அந்தக் கொழுப்புக்கு ஆறு முகம் கிடையாது, பதப்படுத்த வேண்டாம், உருக்கி ஊற்றினாலே இறுகும். இயந்திரத்தைப் பழகக் காம்பவுண்ட் மிகவும் ஏற்றது, விலையும் குறைவு. சுவை மட்டும் அதே அல்ல, வாயில் உருகும் விதமும் வேறு. பழகியதும் நல்ல சாக்லேட்டுக்கு மாறிவிடுங்கள் என்பதே என் எண்ணம்.

இன்னொரு வழியை 2019இல் சிங்கப்பூரின் தொழில்நுட்ப, வடிவமைப்புப் பல்கலைக்கழகத்தில் மிச்சினாவோ ஹாஷிமோட்டோவின் குழு காட்டியது. சாக்லேட் சிரப்பில் கோகோப் பொடியைக் கலந்து, சூடே இல்லாமல் அறை வெப்பநிலையில் பிழிந்தார்கள். பொடி சேரச் சேர விளைவுத் தகைவு ஏறி, பிழிந்த வடிவம் அப்படியே நின்றது. படிகத் தொல்லையை முழுக்கத் தாண்டிய வழி இது. கிடைப்பது உடைக்கும் சாக்லேட் அல்ல, குழைவான ஒன்று. தஞ்சாவூரில் முன்பு இந்திய உணவுப் பதனத் தொழில்நுட்பக் கழகமாக இருந்து இப்போது தேசிய நிறுவனமாகியிருக்கும் இடத்தில் முட்டை, அரிசி மாவு போன்றவற்றை அச்சிட்டு ஆராய்ந்திருக்கிறார்கள். அவையும் இந்த வகைதான். உருகி இறுகும் வேலை அங்கே இல்லை, கலவையின் குழைவைச் சரிசெய்தால் போதும். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் கறுப்புச் சாக்லேட்டில் மெக்னீசியம் ஸ்டியரேட் சிறிது சேர்த்து ஓட்டத்தைச் சீராக்கிப் பார்த்தார்கள். மாத்திரை தயாரிப்பில் பொடிகள் ஒட்டாமலிருக்கச் சேர்க்கும் பொருள் அது.

இதையெல்லாம் எதற்குச் செய்ய வேண்டும் என்ற கேள்வி நியாயமானது. ஒரே வடிவத்தில் நூறு சாக்லேட் வேண்டுமென்றால் அச்சுக் குழியில் ஊற்றுவதுதான் சரி. வேகம், பளபளப்பு, செலவு எதிலும் அச்சு இயந்திரம் அதற்கு ஈடாகாது. குழியில் வராத வடிவங்களுக்குத்தான் இயந்திரம். உள்ளே வலைப்பின்னலாக, வெற்றிடம் வெற்றிடமாக இருக்கும் உருவத்தைக் குழியிலிருந்து எடுக்கவே முடியாது. ஒருவர் பெயரில் ஒன்றே ஒன்று வேண்டும் என்றாலும் அதற்காகக் குழி செய்ய முடியாது. பெரிய நிறுவனங்களும் இங்கேதான் கை வைத்தன. ஹெர்ஷீஸ் 2014இல் 3டி சிஸ்டம்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து ‘கோகோஜெட்’ இயந்திரத்தை உருவாக்கியது. பாரி கால்போ 2020இல் தன் மோனாலிசா பிராண்டில், சமையல் கலைஞர்களும் விடுதிகளும் தங்களுக்கென்று வடிவம் கேட்டு வாங்கும்படி அச்சுச் சாக்லேட்டைக் கொண்டுவந்தது.

என்னை மிகவும் ஈர்த்தது ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் கோரன்தான் கூலே குழு 2022இல் வெளியிட்ட வேலை. சாக்லேட்டைச் சுருள் சுருளாக அச்சிட்டு, சுருளின் வளைவுகளைக் கூட்டிக் குறைத்து, கடிக்கும்போது அது எத்தனை முறை உடைய வேண்டும் என்பதை வடிவத்தாலேயே தீர்மானித்தார்கள். சாப்பிட்டுப் பார்த்தவர்கள் கூடுதலாக நொறுங்கும் வடிவங்களையே விரும்பினார்கள். ஒரே சாக்லேட், வடிவம் மாறியதும் வாயில் அனுபவம் மாறுகிறது. சாக்லேட் அச்சிடுவதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை. சுருள்கள் மெல்லியவை, சத்தத்தோடு உடைய வேண்டியவை என்பதால் பதம் தவறியிருந்தால் இந்தச் சோதனையே நடந்திருக்காது.

தொடங்க நினைப்பவர்களுக்கு என் யோசனை இது. இயந்திரம் வாங்குவதற்கு முன்பு ஒரு வெப்பமானியும் ஐசிங் பிழியும் பைப்பிங் பேக்கும் வாங்குங்கள். கையாலேயே பதப்படுத்தி, கையாலேயே கோடு போட்டு, அது இறுகுவதையும் உடைவதையும் பாருங்கள். எந்த நேரத்தில் சாக்லேட் கெட்டியாகத் தொடங்குகிறது என்பது கைக்குத் தெரிந்துவிட்டால் இயந்திரத்தில் என்ன தவறுகிறது என்று ஊகிப்பது எளிது. பிளாஸ்டிக் அச்சு இயந்திரம் வீட்டில் இருந்தால் அதில் சிரிஞ்ச் தலை பொருத்தலாம். ஆனால் பிளாஸ்டிக் ஓடிய நாசிலை உணவுக்கு எடுக்காதீர்கள். பித்தளை நாசில்களில் சிறிதளவு ஈயம் கலந்திருப்பது வழக்கம், அதனால் துருப்பிடிக்காத எஃகு நாசில் வேண்டும். சாக்லேட் தொடும் பாகங்களைப் பிளாஸ்டிக்கில் அச்சிட்டுக்கொள்வதும் வேண்டாம். அடுக்குகளுக்கு இடையே உள்ள பள்ளங்களில் புகுந்த கொழுப்பு கழுவினாலும் போகாது.

சரிந்த உருவங்களையும் சோதனைக் கோடுகளையும் தூக்கிப் போட வேண்டியதில்லை. நீர் படாதவரை சாக்லேட்டை எத்தனை முறை வேண்டுமானாலும் 45 டிகிரிக்கு உருக்கிப் பதப்படுத்திக்கொள்ளலாம். நன்றாக வந்த உருவங்களை 18 முதல் 20 டிகிரியில், மூடிய டப்பாவில் வையுங்கள். வேறு வழியில்லாமல் ஃபிரிட்ஜில் வைத்தால் காற்றுப் புகாத டப்பாவில் வைத்து, வெளியே எடுத்ததும் டப்பா அறை வெப்பநிலைக்கு வந்த பிறகே திறவுங்கள். அதற்கு முன் திறந்தால் ஈரக்காற்று பட்டு மேலே நீர் படியும், அடுத்த நாள் வெளுத்திருக்கும்.